என் கடிதம் கொழுந்தோடு போன கதை

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கடிதம் வீட்டுக்கு வராது. வீட்டுக்கு இலக்கம் இருந்தால்தானே வரும்? இலங்கை மலையகத்தில், ஹட்டன் டவுனிலிருந்து வரும் பஸ் கடைசியாகத் திரும்பும் வளைவுக்கும் மேலே, பன்னிரண்டு காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் ஒரு லயத்தில் எங்களுக்கு ஒரு காம்பரா. அதாவது ஓர் அறை, ஓர் அடுப்படி, அடுத்த வீட்டு இருமல் வரைக்கும் கேட்கிற ஒரு சுவர். முகவரி எல்லோருக்கும் ஒன்றுதான். தோட்டத்தின் பெயர், அதில் எங்கள் பகுதியான டிவிசனின் பெயர், ஹட்டன்.

தபால் பை தோட்டக் காரியாலயத்துக்கு வரும். கிளாக்கர் பிரித்துக் கணக்கப்பிள்ளையிடம் கொடுப்பார். அவர் மறுநாள் காலை ஆட்கள் கூடும் பெரட்டில், யார் எந்த மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகவேண்டும் என்று சொல்லி முடித்த பிறகு, கடிதங்களைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். ஆக, ஒருவருக்குக் கடிதம் வந்திருக்கிறது என்பது டிவிசன் முழுவதற்கும் தெரிந்த பிறகுதான் அவர் கைக்கு அது போய்ச் சேரும். எனக்குப் பல்கலைக்கழகம் கிடைத்த செய்தியும் அப்படித்தான் வந்தது. உறையில் ஆங்கிலம் இருந்ததால் கணக்கப்பிள்ளை அவசரமான விஷயம் என்று அங்கேயே கிழித்து வாசித்துவிட்டார். நான் அப்போது ஹட்டனில், நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் முதலாளி ஒருவரின் துணிக்கடையில் சேலை மடித்துக்கொண்டிருந்தேன். என்னைத் தவிர எல்லோரும் என் வெற்றியைக் கொண்டாடி முடித்திருந்தார்கள்.

கைபேசி இல்லாத காலம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவிடம் ஒன்று இருந்தது. சிக்னல்தான் இல்லை. கோயிலுக்கு மேலே இருக்கும் பாறையில் ஏறி, வட்டவளை ஊர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, மூச்சைப் பிடித்து நின்றால் இரண்டு கோடுகள் தெரியும். "ஹலோ, கேக்குதா?" என்று மூன்று தடவை கத்துவதற்குள் மழை பிடித்துக்கொள்ளும். அம்மாவுக்கு அந்தச் சாதனத்தில் நம்பிக்கையே வரவில்லை. "பேசுனது எங்க போச்சுன்னே தெரியல. காகிதம்னா பெட்டியில கெடக்கும்" என்பார்.

அப்படிச் சொன்ன அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. கையெழுத்துப் போடுவார், அவ்வளவுதான். அப்பா எழுத்துக்கூட்டி வாசிப்பார். ஆனால் நான் எழுதிய ஒரு கடிதத்தை அவர் முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். அதனால் எங்கள் குடும்பத்தின் எழுத்துவேலை முழுவதையும் பக்கத்துக் காம்பரா அத்தைதான் பார்த்தார். உறவு என்று பார்த்தால் எதுவும் கிடையாது, நடுவில் ஒரு சுவர் மட்டும்தான். அம்மாவைவிட வயதில் மூத்தவர். அம்மாவோடு ஒரே வரிசையில் கொழுந்தெடுப்பவர். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். அந்த எட்டாம் வகுப்பை அவர் பயன்படுத்திய மாதிரி நான் என் பட்டத்தைக்கூடப் பயன்படுத்தியதில்லை.

காலைத் தேத்தண்ணி நேரத்தில், மலையில் நிழல் மரத்தடியில்தான் கடிதம் வாசிப்பதும் எழுதுவதும். ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் அப்பியாசக் கொப்பித் தாளை வைத்து அத்தை எழுதுவார். அம்மா சொல்லச் சொல்ல, சுற்றியிருந்து ரொட்டி தின்னும் பெண்கள் எல்லோரும் தங்கள் பங்குக்கும் சொல்வார்கள். அத்தை எதையும் தள்ளமாட்டார். அதனால் எனக்கு வந்த கடிதங்கள் இந்த மாதிரி இருக்கும்:

"அன்பு மகனுக்கு, நாங்க நலம். பசு கன்னு போட்டுருச்சு, காளக்கன்னு. போஞ்சி நல்லாக் காய்க்குது, பன்னி வந்து பாதியத் தின்னுருச்சு. கடல்ல குளிக்காத. குளிச்சாலும் முழங்காலுக்கு மேல போகாத. கடைசி காம்பரா அக்கா சொல்றாங்க, அங்கிட்டு வெயில்ல கறுத்துப்போனா பொண்ணு கெடைக்காதாம். இப்பவே கெடைக்காதுன்னு உங்கம்மா சொல்றா."

தாளின் ஓரமெல்லாம் கொழுந்துக் கறை படிந்த விரல்களின் அடையாளம் இருக்கும். சில எழுத்துகளை மழை கரைத்திருக்கும். நான் இருந்த இடத்தில் மாதக்கணக்கில் மழையே கிடையாது. கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகம். மணல், வெயில், ஆளுயரக் கள்ளி. மலையில் கம்பளிக்குள் வளர்ந்த எனக்கு அங்கே முதல் வாரமே உருகி ஓடிவிடுவேன் போலிருந்தது.

என் கடிதங்களைப் பற்றியும் சொல்லவேண்டும். முதல் வரியில் நலம் விசாரிப்பேன். இரண்டாவது வரியிலிருந்து "அனுப்புங்கள்" தொடங்கிவிடும். தேயிலைத் தூள் அனுப்புங்கள், கூட இருப்பவர்கள் கேட்கிறார்கள். மிளகாய்த் தூள் அனுப்புங்கள், இங்கே குழம்பு வேறு மாதிரி. காலுக்குப் போடும் சப்பாத்து பிய்ந்துவிட்டது, அனுப்புங்கள். எதுவும் தேவைப்படாத மாதம் நான் கடிதமே எழுதியதில்லை. அம்மாவும் அப்பாவும் அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

வெயிலையாவது தாங்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தைத்தான் தாங்க முடியவில்லை. விஞ்ஞானப் பாடங்கள் அத்தனையும் ஆங்கிலத்தில். முதல் வாரத்தில் ஒரு விரிவுரையாளர் என்னை எழுப்பி, எந்தப் பாடசாலை என்று ஆங்கிலத்தில் கேட்டார். "நலமாக இருக்கிறேன், ஐயா" என்று ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். மண்டபம் சிரித்தது. நானும் சிரித்தேன், எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல். முதல் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது சிரிப்பதற்கு எதுவுமில்லை. நான்கு பாடத்தில் மூன்று போய்விட்டிருந்தது. மிஞ்சிய ஒன்று எப்படித் தப்பித்தது என்பது எனக்கும் தெரியாது, திருத்தியவருக்கும் தெரிந்திருக்காது.

அன்றைக்கு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன். என் வாழ்நாளிலேயே எதையும் கேட்காமல் எழுதிய முதல் கடிதம்.

"நான் படிப்பை விட்டுவிட்டு வருகிறேன். என்னால் முடியாது. நானாவின் கடையில் திரும்பச் சேர்ந்துகொள்கிறேன்" என்று தொடங்கினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். முடியவில்லை என்று மட்டும் சொல்வதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. தண்ணீர் உப்பு, சோறு கட்டி, நுளம்புக் கடி எங்கள் மலை அட்டையைவிட மோசம் என்று ஒவ்வொன்றாகப் பழியைப் போட்டேன். அதுவும் போதாதென்று, அப்பா இருமிக்கொண்டே வேலைக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு ஒரு மகன் எப்படிப் படிப்பது என்று இரண்டு பக்கம் உருகினேன். அப்பாவின் இருமல் எனக்கு ஞாபகம் வந்தது அன்றுதான். கடிதத்தின் தலையில் "அம்மாவுக்கு மட்டும்" என்று எழுதி இரண்டு கோடு போட்டேன். வாசிக்கத் தெரியாத அம்மாவுக்கு, நூறு பேர் நிற்கும் பெரட்டு வழியாக, மரத்தடியில் கூட்டமாக வாசிக்கப்படும் கடிதத்தில் "அம்மாவுக்கு மட்டும்" என்று போட்ட புத்திசாலி நான். பரீட்சையில் மூன்று போனதில் என்ன ஆச்சரியம்?

இனி நடந்தது நான் நேரில் பார்த்ததல்ல. பிறகு பலர் வாயால் கேட்டது.

பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட, அம்மா வாங்கி மடியில் சொருகிக்கொண்டார். தேத்தண்ணி நேரத்தில் வழக்கம்போல அத்தையிடம் நீட்டினார். அத்தை பிரித்து முதல் வரியைப் பார்த்தார். தாளை மடித்து, மறுபடி விரித்தாராம்.

"என்னா மதினி, வாசிங்க. எழுத்து புரியலையா?"

"இவன் எழுத்து என்னைக்குப் புரிஞ்சுச்சு? கோழி கிண்டுன மாதிரில்ல இருக்கு. இரு புள்ள, கண்ணத் தொடச்சுக்கறேன்."

துடைத்துக்கொண்டு வாசித்தார். கூட்டத்துக்கு அந்தக் கடிதம் மிகவும் பிடித்துவிட்டது. சிலர் அழுதார்கள். அம்மாவும் அழுதார். பிறகு எல்லோரும் கூடையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்கள். கொழுந்து நிறுத்து, சாக்கில் கொட்டி, லொறியில் ஏற்றி அனுப்பிய பிறகு அம்மா கேட்டார், "மதினி, காகிதத்தக் குடுங்க, அவரு எழுத்துக்கூட்டிப் பாப்பாரு."

அத்தை இடுப்பைத் தடவினார், கூடையைக் கவிழ்த்துப் பார்த்தார். "அடியாத்தே! கூடையிலல்ல போட்டு வச்சேன். கொழுந்தோட போயிருச்சே!"

அப்பாவுக்கு வேலை தோட்டத்துத் தேயிலை பெக்டரியின் மேல்மாடியில். வந்து இறங்கும் கொழுந்தை நீளத் தொட்டிகளில் பரப்பி, அடியிலிருந்து காற்று ஊதி வாட்டுவார்கள். அதைக் கிளறிவிடுவது அவர் வேலை. தகவல் லொறிக்காரர் மூலம் போய்ச் சேர்ந்தது. மகனின் கடிதம் கொழுந்துக்குள் கிடக்கிறதாம். அன்று பின்னேரம் முழுக்க அப்பா தொட்டி தொட்டியாகக் குனிந்து, பச்சைக் கொழுந்தை இரண்டு கையாலும் அள்ளி அள்ளி உதறியிருக்கிறார். பெக்டரிக்குப் பொறுப்பான டீமேக்கர் வந்து நின்று பார்த்திருக்கிறார்.

"என்னய்யா செய்றீங்க? கோழிக்குஞ்சு ஏதும் விழுந்துருச்சா?"

"மகன் காகிதம் ஒன்னு விழுந்துருச்சுங்கய்யா. கெம்பஸ்ல இருந்து போட்டது."

சத்தம் போடுவார் என்று எல்லோரும் பயந்தார்களாம். அவர் கால்சட்டையை மடித்துவிட்டுக்கொண்டு, அடுத்த தொட்டியில் தானும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார். ஒரு டீமேக்கரும் ஒரு தொழிலாளியும் பக்கத்தில் பக்கத்தில் குனிந்து நான்கு தொட்டி கிளறியிருக்கிறார்கள். கிடைக்கவில்லை.

எப்படிக் கிடைக்கும்? அத்தையின் ரவிக்கைக்குள் அல்லவா இருந்தது?

பத்து நாள் கழித்து எனக்கு ஒரு தடித்த உறை வந்தது. திட்டுத்தான் இவ்வளவு கனமாக இருக்கிறது என்று நினைத்துப் பிரித்தேன். உள்ளே என் கடிதம். "அம்மாவுக்கு மட்டும்" என்று நான் போட்ட இரண்டு கோடுகளோடு அப்படியே இருந்தது. கூடவே அத்தையின் தாள்.

"தம்பிக்கு. உன் காகிதம் இதோட இருக்கு. நான் மட்டுந்தான் வாசிச்சேன். உங்கம்மா கூடைய எறக்கி வச்சுட்டு என் வாயவே பாத்துக்கிட்டு இருந்தா. அவளுக்கு அத வாசிக்க எனக்கு நாக்கு வரல. வேற ஒன்ன வாசிச்சுப்புட்டேன். நீ எழுதுனதா நான் வாசிச்சத கீழ எழுதிருக்கேன். நல்லாப் படிச்சு வச்சுக்க, அடுத்த காகிதத்துல மாத்தி எழுதி என்னைய மாட்டிவிட்றாத. கட்டாயம் வந்துதான் ஆகணும்னா இதே காகிதத்தத் திரும்ப அனுப்பு. இந்தத் தடவ ஒரு எழுத்து மாத்தாம வாசிக்கிறேன். சத்தமாவும் வாசிக்கிறேன்."

கீழே நான் எழுதாத என் கடிதம் இருந்தது. அதில் நான் அம்மாவின் முட்டிக்கால் வலியை விசாரித்திருந்தேன். மழைநாளில் மலையில் ஏறும்போது பார்த்துக் கால் வைக்கச் சொல்லியிருந்தேன். அப்பா இருமலுக்கு மருந்தெடுத்தாரா என்று கேட்டிருந்தேன். ஆங்கிலம் கடினமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் தினமும் பத்துச் சொல் மனப்பாடம் செய்கிறேன் என்று சொல்லியிருந்தேன். வரிசையில் நிற்கும் ஒவ்வொரு பெண்ணையும் முறைசொல்லி நலம் விசாரித்திருந்தேன். எவ்வளவு நல்ல பையன்! அவனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அவனுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்பதுதான் கவலை.

கடிதத்தைத் திருப்பி அனுப்ப ஓர் உறை வாங்கினேன். முகவரியும் எழுதினேன். இரண்டு நாள் மேசையில் கிடந்தது. அத்தை சத்தமாக வாசிப்பதும், அம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு அவர் வாயைப் பார்ப்பதும் கண்ணுக்குள் வந்துகொண்டே இருந்தன. மூன்றாம் நாள் அம்மாவின் கடிதம் வந்தது. "பத்துச் சொல்லு படிக்கிறேன்னு எழுதியிருந்த. கணக்கப்பிள்ள ஐயா பதினஞ்சா ஆக்கச் சொல்றாரு. என்னென்ன சொல்லுன்னு எல்லாரும் கேக்கறாங்க, எழுதி அனுப்பு."

அவ்வளவுதான், வசமாக மாட்டிக்கொண்டேன். சொல் அனுப்ப வேண்டுமென்றால் முதலில் படிக்கவேண்டுமே! அந்த உறையின் பின்பக்கத்திலேயே பத்துச் சொல்லைத் தமிழெழுத்தில் எழுதி, பக்கத்தில் பொருளும் எழுதி, வேறு உறையில் போட்டு அனுப்பினேன். டிரான்ஸ்பிரேஷன் என்றால் இலை வியர்ப்பது. ஸ்டோமாட்டா என்றால் இலையின் மூச்சுத் துளை. இப்படி.

மரத்தடியில் அத்தை அதை வாசித்த அன்று மலையில் பெரிய விவாதம் நடந்திருக்கிறது.

"இலைக்கு வேர்க்குதாமுல்ல!"

"நமக்கு வேர்க்கறத எந்தப் புஸ்தகத்துல எழுதிருக்கானுங்களாம்?"

"அது பரீட்சைக்கு வராதுக்கா."

பிறகு அது ஒரு வழக்கமாகிவிட்டது. மாதத்துக்கு இரண்டு கடிதம், ஒவ்வொன்றிலும் ஒரு தாள் நிறையச் சொற்கள். கொழுந்தெடுத்துக்கொண்டே ஒருவர் சொல்ல, அடுத்த வரிசை பொருள் சொல்லுமாம். பேச்சைக் குறைத்து வேலையைப் பாருங்கள் என்று கணக்கப்பிள்ளை கத்தினால், மேல் வரிசையிலிருந்து யாராவது "டிரான்ஸ்பிரேஷன்!" என்று திருப்பிக் கத்துவார்களாம். சிங்களம் பேசும் வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் மேற்பார்வைக்கு வந்தபோது, இந்தத் தோட்டத்தில் ஆங்கிலத்தில் ஏசுகிறார்கள் என்று தோட்ட மேலாளரான துரையிடம் சொன்னதாகவும் ஒரு கதை உண்டு. அதற்கு நான் உத்தரவாதம் இல்லை.

நான் சொல்லை மறந்தால் திட்டு வரும். "போன மாசம் அனுப்புன அதே சொல்ல இந்த மாசமும் அனுப்பிருக்க. எங்கள ஏமாத்தாத, எங்களுக்கு ஞாபகம் இருக்கு" என்று ஒருமுறை வந்தது. விரிவுரையாளர்கள்கூட அவ்வளவு கண்டிப்பாக இருந்ததில்லை. விழுந்த மூன்று பாடத்தையும் அடுத்த வருடம் திரும்ப எழுதி எழுந்தேன். ஒன்றில் மறுபடி விழுந்து, மறுபடி எழுந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதை வாசிப்பவர்களில் என் கூடப் படித்தவர்களும் இருக்கலாம்.

பட்டமளிப்புக்கு இரண்டு பேருக்குத்தான் அழைப்பு. அப்பா தன் இடத்தை அத்தைக்குக் கொடுத்துவிட்டார். "காகிதம் எழுதுனது அவங்கதானே, அவங்க போகட்டும். எனக்கு அந்த வெயில் ஒத்துக்காது" என்றார். அம்மாவும் அத்தையும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பஸ் ஏறி, ஒரு நாள் முழுக்கப் பயணம் செய்து, அந்த மணல்காட்டில் ஸ்வெட்டரோடேயே வந்து இறங்கினார்கள்.

விழா முடிந்து, வாசலுக்கு எதிரே ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து வடை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா என் கறுப்புப் பட்டமளிப்பு அங்கியைத் தடவிப் பார்த்துவிட்டு, சர்வ சாதாரணமாகச் சொன்னார்:

"மதினி, அன்னைக்கு நீங்க வாசிச்ச காகிதம் பொய்யின்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

அத்தையின் வடை பாதி வழியில் நின்றது. "எந்தக் காகிதம் புள்ள?"

"கொழுந்தோட போச்சே, அது. மொத வரியிலயே என் முட்டிக்கால் எப்படி இருக்குன்னு வந்துச்சு. இவன் என்னைக்கு என் முட்டிக்காலக் கேட்டுருக்கான்? இவன் காகிதம்னா நலமா, அடுத்து அனுப்புங்க. அன்னைக்கு அனுப்புங்கங்கிற பேச்சே இல்ல. அப்பவே புள்ளைக்கு என்னமோ ஆயிருச்சுன்னு தெரிஞ்சுபோச்சு."

"அப்புறம் எதுக்குடி அழுத?"

"நல்லா இருந்துச்சே மதினி. யாரு எழுதுனா என்ன?"

அம்மா தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே சொன்னார், "அந்த மாசம் முழுக்க, சாயங்காலம் பஸ்சு வளைவுல திரும்புற சத்தம் கேட்டா வெளிய வந்து எட்டிப் பாப்பேன். எறங்குறானான்னு. எறங்கல. சரி, படிக்கிறான் போலன்னு உள்ள போயிருவேன்."

"வந்து எறங்கியிருந்தா என்னாம்மா செஞ்சிருப்பீங்க?"

"சோறு போட்டுருப்பேன். வேற என்னாத்தச் செய்ய?"

இப்போது எங்கள் லயத்துக்கு மேலே ஒரு கைபேசிக் கோபுரம் நிற்கிறது. அடுப்படிக்குள்ளேயே சிக்னல் இருக்கிறது. வாரத்துக்கு மூன்று தடவை பேசுகிறேன். எடுத்தவுடன், "அம்மா, முட்டிக்கால் எப்படி இருக்கு?" என்று கேட்கிறேன். "யாருடா எழுதிக் குடுத்தா?" என்று அம்மா திருப்பிக் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும் கேட்கிறார். கேட்கட்டும், எனக்குத் தேவைதான்.

அப்பா மட்டும் இன்றுவரைக்கும் அந்தக் கடிதம் கொழுந்தோடு போனதாகவே நம்புகிறார். ஓய்வுபெற்ற பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் சொல்கிறார். மகனின் கடிதம் வாடி, அரைபட்டு, பெட்டியில் ஏறிக் கப்பலில் போய்விட்டது, எந்த ஊரில் எந்த வெள்ளைக்காரன் அதைக் குடித்தானோ என்று. சொல்லிவிட்டுப் பெருமையாகச் சிரிக்கிறார். அதைக் கெடுக்க எங்கள் மூன்று பேருக்கும் இதுவரை மனம் வரவில்லை.

அப்பா, கடிதம் கப்பல் ஏறவில்லை. என்னிடம்தான் இருக்கிறது. அதில் உங்கள் இருமலைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தேன், என் வசதிக்காக. நீங்கள் அந்தத் தொட்டிகளில் குனிந்து தேடிய பின்னேரத்துக்கு என்ன செய்தாலும் ஈடாகாது. அந்தக் கடிதத்தைத் திருப்பி அனுப்பாமல் இருந்ததைத் தவிர நான் உங்களுக்குப் பெரிதாக ஒன்றும் செய்துவிடவில்லை. அதுகூட அத்தை சத்தமாக வாசிப்பார் என்ற பயத்தில் செய்தது.

இருமல் இப்போது எப்படி இருக்கிறது?

இதை மெதுவாக, நீங்களே எழுத்துக்கூட்டி வாசியுங்கள். எத்தனை நாள் ஆனாலும் பரவாயில்லை. தயவுசெய்து அத்தையிடம் மட்டும் கொடுத்து வாசிக்கச் சொல்லாதீர்கள்.